உருண்டை தொப்பென்று விழ வேண்டும்

பல் டாக்டர் மொட்டை மாடிக்கு ஏறி வந்தபோது அவர் இடது கை ஆள்காட்டி விரலில் பஞ்சு சுற்றியிருந்தது. வலது கையில், பிடுங்கிய பல்லைப் போடும் சின்ன எவர்சில்வர் தட்டு. தட்டில் பல் இல்லை. ஓர் இரும்பு உருண்டை இருந்தது.

"இது யாரோடது?"

மாடியில் நின்றது இரண்டே பேர். மாமனாரும் மருமகனும். இருவர் முகத்திலும் பாதி முகத்தை மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. மாமனார் கையில் உண்டிவில், அதன் ரப்பர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல ஆசை இருந்தாலும் வசதி இல்லை.

"பார்த்தா நம்மளோடது மாதிரிதான் இருக்கு," என்றார் மாமனார்.

"கிளினிக் முன்னால நீட்டியிருக்கற தகரக் கூரையில டங்குன்னு விழுந்துச்சு. அப்ப என் விரல் ஒருத்தர் வாய்க்குள்ள இருந்துச்சு. அவர் பயந்துபோய் வாயை மூடிட்டார்."

மாமனார் விரலைக் குனிந்து பார்த்தார். "நல்ல உறுதியான பல்லு போல."

"நான் கட்டிவிட்ட பல்லு," என்றார் டாக்டர். "அதனாலதான் இந்தக் கடி."

பெருமையா கோபமா என்று அவருக்கே தெரியாத ஒரு குரல். ஆனால் வீடு அவருடையது. கீழே கிளினிக், நடுவில் அவர் குடித்தனம், மேலே வாடகைக்கு இவர்கள், அதற்கும் மேலே இந்த மாடி. அவர் பேசினால் மற்றவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மாடியின் ஒரு மூலையில் படிக்கட்டு அறை. அதன் சுவர் ஓரமாக ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் காலி பவுடர் டப்பாக்களை அடுக்கி, எதிர்ப்பக்கம் நின்று சுடுவார்கள். டப்பாவில் பட்டால் டப்பா விழும். படாவிட்டால் உருண்டை சுவரில் மோதித் தன் இஷ்டத்துக்குப் போகும். பெரும்பாலும் படாது. மாமனார் முப்பது வருஷம் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை சரிசெய்தவர். குறி மட்டும் அவருக்கு வரவில்லை. மருமகனுக்கும் வரவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் திருத்தாமல் மரியாதையாகத் தவறவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இது கடைசி எச்சரிக்கை," என்றார் டாக்டர். "அடிச்ச உருண்டை அடிச்ச இடத்துலயே நிக்கிற மாதிரி ஏதாவது செய்யுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வந்து சுட்டுப் பார்ப்பேன். ஒரு உருண்டை மாடியைத் தாண்டிச்சுன்னாலும் இந்த வில்லு என் டிராயருக்குள்ள போயிடும். பிடுங்கின பல்லோட பல்லா கிடக்கும்."

"சரிங்க டாக்டர்," என்றான் மருமகன். அன்று அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

டாக்டர் திரும்பிப் போகையில் அவனைப் பார்த்து, "மெத்தை, உன்னை நம்பித்தான் விடறேன்," என்றார். அவன் மெத்தை கம்பெனியில் வேலை பார்க்கிறான். தெருவில் அவனுக்கு அதுவே பெயர்.

மாமனார் உண்டிவில்லின் ரப்பரைச் சுருட்டினார். "முடியலைன்னா விட்டுடலாம் மாப்ளே. எனக்கும் பையன் வீட்டுக்குப் போக ஒரு சாக்கு ஆச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மருமகன் சிரிக்கவில்லை.

போன வருஷம் மகள் இறந்தபோது வந்தவர் மாமனார். சில நாள் இருந்துவிட்டுப் போவதாகப் பேச்சு. போகவில்லை. அவருடைய பழுப்புப் பை ஹாலில் கட்டிலுக்கடியில் இருக்கிறது. அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தும் அவர் அதில் எதையும் வைக்கவில்லை. பையிலிருந்து சட்டையை எடுப்பார், போடுவார், துவைத்து மடித்துத் திரும்பவும் பைக்குள்ளேயே வைப்பார். மகன் போன் செய்து எப்போது வருகிறீர்கள் என்று கேட்கும்போதெல்லாம், "இங்க ஒரு வேலை ஓடிட்டிருக்குடா," என்பார். அந்த வேலை இதுதான். பேச ஒன்றும் கிடைக்காத ஒரு மதியம் கடைத்தெருவுக்குப் போனவர், காய்கறிக்குப் பதில் ஓர் உண்டிவில்லோடு வந்தார். கடையை மூடும்போது மிச்சமான பாதுகாப்புக் கண்ணாடிகளில் இரண்டைத் துடைத்து எடுத்தார். அன்றிலிருந்து ஞாயிறு மாலை என்று ஒன்று உண்டானது.

மற்ற நாளில் வீட்டில் பேச்சு என்றால், "உப்பு போதுமா?" "போதும் மாமா." அவ்வளவுதான். மாடியில்தான் அவர் கேலி பேசுவார், அவன் பதில் சொல்வான். ஒருமுறை சிரித்துக்கூட இருக்கிறான்.

அன்று இரவு அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஹாலில் மாமனார் போனில் பேசுவது கேட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்டா. இங்க வேலை முடிஞ்சாலும் முடிஞ்சுடும்."

இருங்க மாமா என்று சொல்லலாம். சின்ன வாக்கியம். வாய் வரை வந்தது. வாய் வரைதான் வந்தது.

*

மருமகனுக்கு வேலை சோதனைக்கூடத்தில். வெட்டி எடுத்த நுரைத் துண்டை ஒரு கண்ணாடிக் குழாய்க்கு அடியில் வைத்து, மேலிருந்து இரும்பு உருண்டையைப் போட வேண்டும். அது எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். மறுபடி போட வேண்டும். யோசிக்க ஒன்றும் இல்லை. இந்த ஒரு வருஷமாக அது அவனுக்கு வசதியாக இருந்தது.

இரும்பு உருண்டை, நுரை. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும். மறுநாளே மேலாளரிடம் கேட்டு, சோதனையில் முதலாவதாக வந்த நுரையில் ஒரு பெரிய துண்டை வாங்கிவந்தான். கம்பெனியின் விலை உயர்ந்த மெத்தைக்குப் போகும் சரக்கு. மூன்று மாடி தூக்கி ஏற்றிச் சுவரில் சாய்த்தான். பாலாடை நிறத்தில், தொட்டால் கை அமிழ்ந்து, எடுத்தால் அடையாளமே இல்லாமல் எழுந்தது.

"அடேங்கப்பா," என்றார் மாமனார். "இதுல அடிக்கவே மனசு வராது. படுத்துடலாம் போல."

"அடிங்க மாமா."

மாமனார் கண்ணாடியை மாட்டினார், ஒரு கண்ணை மூடினார், இழுத்தார், விட்டார். உருண்டை நுரையின் நட்டநடுவில் பட்டது. அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் குறி தப்பவில்லை. நுரை உருண்டையை ஆசையாக உள்வாங்கிக்கொண்டு, அதே ஆசையோடு திருப்பி அனுப்பியது. அது வந்த வழியே வந்து மாமனாரின் கண்ணாடியில் டிக்கென்று பட்டு, காலடியில் விழுந்தது.



மாமனார் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு கீறல். "பார்த்தீங்களா மாப்ளே," என்றார். "என் கடைச் சரக்கு."

"மாமா, கண்ணுல ஒண்ணும் ஆகலையே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு சந்தேகம். உங்க ஆபீஸ்ல உருண்டையைப் போடறீங்களே, அது மேல எழும்பி வந்தா நல்ல நுரையா, வராட்டி நல்ல நுரையா?"

மருமகன் கீழே கிடந்த உருண்டையைக் குனிந்து எடுத்தான்.

"எழும்பி வந்தாத்தான் நல்லது."

"எவ்வளவு எழும்பினா அவ்வளவு நல்லது."

"ஆமா."

"இருக்கறதுலயே நல்லா எழும்பறது எதுவோ அதைப் பார்த்து எடுத்துட்டு வந்திருக்கீங்க."

"ஆமா மாமா."

மாமனார் முக்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருமகன் நுரையைப் பார்த்தான். ஒரு வருஷமாகத் தினமும் கண்ணால் பார்த்த ஒன்றை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. அவனுக்கும் சிரிப்பு வந்தது. பழக்கம் விட்டுப்போன சிரிப்பு, மூக்கு வழியாக வந்தது.

அடுத்து எழும்பாத நுரையைக் கொண்டுவந்தான். கம்பெனியில் கழித்துக் கட்டியது. உருண்டை உள்ளே போனது, வெளியே வரவில்லை. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அடுத்தடுத்த உருண்டை அதே இடத்தில் பட்டதும் நுரை பிய்ந்து வழிவிட்டது. பின்னால் சுவர் காத்திருந்தது. உருண்டை அங்கே மோதி, நுரையின் ஓரமாக வெளியேறி, தண்ணீர்த் தொட்டியின் காலில் பட்டு நின்றது. நல்லவேளை, கீழே போகவில்லை.

"கெட்டதும் உதவலை, நல்லதும் உதவலை," என்றார் மாமனார். "உங்க கம்பெனியில நடுத்தரமா ஒண்ணும் இல்லையா?"

*

வழி கிடைத்தது சனிக்கிழமை, அதுவும் மாமனாரின் குறி தப்பியதால்.

துணி துவைக்கும் நாள். கொடியில் மருமகனின் பெரிய படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. கெட்டிப் பருத்தி, இரட்டைக் கட்டிலுக்கு வாங்கியது. கனத்தில் தரைவரை தொங்கியது. மாமனார் சுவரைப் பார்த்துத்தான் இழுத்தார். ரப்பர் விரலில் வழுக்கி, உருண்டை விரிப்பின் பக்கம் போனது.

தொப்.

விரிப்பு ஒரு மூச்சு உள்வாங்கி, வயிறு பின்னால் போய், மெல்லத் திரும்பி வந்தது. உருண்டை அதன் காலடியில் விழுந்து அங்கேயே கிடந்தது. உருளவும் இல்லை. அலுத்துப்போன ஆள் உட்கார்ந்த மாதிரி.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"இன்னொண்ணு," என்றான் மருமகன்.

தொப்.

"நீங்க அடிங்க," என்று மாமனார் வில்லை நீட்டினார்.

தொப்.

மருமகன் விரிப்பின் அருகே போய்த் துணியைக் கையால் தள்ளிப் பார்த்தான். தள்ளிய பக்கம் போனது. எதிர்த்து நிற்கவில்லை. "தடுக்கலை மாமா," என்றான். "கூடவே கொஞ்ச தூரம் போகுது. போறப்ப வேகத்தை வாங்கிடுது." அவன் இத்தனை நீளமாகப் பேசி நாளாகியிருந்தது.

"அப்ப பொட்டி ஒண்ணு பண்ணி, உள்ள துணியைத் தொங்கவிடணும்."

"பின்னால இடம் விடணும். துணி போய்ட்டு வர்றதுக்கு."

"அதுக்கும் பின்னால கனமா ஒரு பலகை."

"பலகையில அந்தக் கெட்ட நுரையை ஒட்டிடலாம். தப்பி வந்தா அது பார்த்துக்கும்."

"பார்த்தீங்களா, அதுக்கும் ஒரு வேலை கிடைச்சிடுச்சு."

கம்பெனியில் இயந்திரம் வந்திறங்கிய மரப்பெட்டி ஒன்று வாசலில் பல நாளாக வெயிலிலும் மழையிலும் கிடந்தது. கேட்டதும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒருபக்க மூடியைப் பிடுங்கி, திறந்த பக்கத்தை முன்பக்கம் ஆக்கினார்கள். மேலே குறுக்காக ஒரு திரைச்சீலைக் கம்பி. அடித்தளத்தில் பழைய மிதியடி, விழும் உருண்டை ஓடாமல் இருக்க. முன்னால் சின்னதாக ஒரு தடுப்புக் கட்டை. பக்கச் சுவர்கள் நன்றாக முன்னுக்கு நீட்டி நின்றன. பார்த்தால் ஏதோ பொம்மலாட்ட மேடை மாதிரி இருந்தது.

விரிப்பை மடித்துத் தொங்கவிட வேண்டும். மாமனார் ஒரு முனையைப் பிடித்தார், மருமகன் மறுமுனையை. சாயங்கால வெயில் விரிப்பின் பின்னால் இருந்தது.

வெளிச்சத்தில் அது அப்படியே தெரிந்தது. விரிப்பின் இடது பாதி நைந்து, நூல் நூலாக, மாமனாரின் கை நிழல் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. வலது பாதி புதிதாகக் கடையிலிருந்து வந்ததுபோல் கெட்டியாக இருந்தது. நடுவே கோடு போட்ட மாதிரி.

மாமனார் பார்த்தார். மருமகன் அவர் பார்ப்பதைப் பார்த்தான்.

"நீங்க இடது பக்கம்தான் படுப்பீங்களா மாப்ளே?"

"ஆமா."

"மெத்தைக் கம்பெனியில வேலை பார்க்கறீங்க. அப்பப்ப மாத்திப் படுக்கணும்னு உங்க ஆபீஸ்ல சொல்லித் தரலையா?"

"சொல்லியிருக்காங்க."

மாமனார் கெட்டியாக இருந்த பாதியை நீவிவிட்டார். எப்போதும் கண்ணாடி துடைக்கும் அதே நிதானம். பிறகு அந்தப் பாதி முன்னால் வரும்படி மடித்தார். "இது தாங்கும்," என்றார். "முன்னால இது இருக்கட்டும். உங்க பக்கம் பின்னால நின்னு ஒத்தாசை பண்ணட்டும்."

தொங்கவிட்டதும் மருமகனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கீழ் இரண்டு முனைகளையும் பிடித்து, சுருக்கமே இல்லாமல் இழுத்து, பெட்டியின் அடியில் ஆணி அடித்துக் கட்டிவிட்டான். கண்காட்சியில் மெத்தை விரிப்பதுபோல் விறைப்பாக நின்றது. மாமனார் சுட்டார். உருண்டை மத்தளத்தில் அடித்ததுபோல் தடாரென்று பட்டு, பெட்டியை விட்டு வெளியே துள்ளி, அவர்கள் காலடி வரை உருண்டு வந்தது.

"மாப்ளே," என்றார் மாமனார் பொறுமையாக. "இது படுக்கறதுக்கு இல்ல."

அவரே குனிந்து முடிச்சை அவிழ்த்தார். துணி தளர்ந்தது. சுட்டார்.

தொப்.

*

ஞாயிறு மாலை டாக்டர் வந்தபோது வெள்ளைக் கோட்டோடு வந்தார். விரலில் பஞ்சு இல்லை. ஹாலைத் தாண்டித்தான் மாடிப்படி. கட்டிலுக்கடியில் இருந்த பழுப்புப் பை அன்று கட்டிலின்மேல் இருந்தது. ஜிப்பு மூடியிருந்தது. மருமகன் காலையிலேயே அதைப் பார்த்துவிட்டான். மகன் அன்று போன் செய்வான்.

மாமனார் டாக்டருக்கு ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, காதோரம் சரிசெய்தார். "குறி பார்க்க வலது கண்ணுதான் உங்களுக்கு முன்னாடி ஓடுது. அதைத் திறந்து வெச்சுக்குங்க."

"உங்களுக்கு எது முன்னாடி ஓடுது?"

"எனக்கு ரெண்டும் வீட்டுல உட்கார்ந்திருக்கு."

டாக்டர் பெட்டியைச் சுற்றி வந்தார். நுனி விரலால் துணியைத் தள்ளினார், பலகையைத் தட்டினார், பக்கச் சுவரை அசைத்துப் பார்த்தார். ஒரு வாயைப் பார்ப்பது போலவே பார்த்தார். அடுத்து "கொப்பளிங்க" என்று சொல்லிவிடுவார் என்று தோன்றியது. பிறகு எல்லாரையும் தனக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். இழுத்தார்.

தொப்.

டாக்டரின் புருவம் உயர்ந்தது. இன்னொரு உருண்டையை எடுத்தார். தொப். இன்னொன்று. தொப். பல் பிடுங்கும் கை, நடுக்கமே இல்லை. மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தன. இத்தனை மாதம் மாமனாரும் மருமகனும் சேர்ந்து செய்யாததை அவர் நின்ற நிலையில் செய்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா நடுவுல யார் வேணா அடிக்கலாம். எனக்கு ஓரம்தான் முக்கியம். சொத்தை எப்பவும் இடுக்குலதான் ஆரம்பிக்கும்."

இந்த முறை பெட்டியின் முன்விளிம்பைக் குறிபார்த்தார். மூடியைப் பிடுங்கியபின் வெற்று மரமாக விட்டிருந்த விளிம்பு. யாரும் அதை யோசிக்கவில்லை.

படீர். உருண்டை மரத்தில் பட்டுப் பக்கவாட்டில் தெறித்தது. மாடித் தரையில் துள்ளியது. மறுபடி துள்ளியது. கைப்பிடிச் சுவரில் மழைத்தண்ணீர் போகும் ஓட்டைக்குள் நிதானமாக நுழைந்தது.

மூவரும் காது கொடுத்தார்கள்.

டங்.

"உள்ள பேஷன்ட் யாரும் இல்ல," என்றார் டாக்டர், கொஞ்சம் தணிந்த குரலில். "ஆனா சொன்னது சொன்னதுதான்." உண்டிவில்லை வாங்கக் கையை நீட்டப்போனவர், அது தன் கையிலேயே இருப்பதைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டார்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கடை மூடுகிறவர் மாதிரி. "பரவாயில்ல மாப்ளே. நல்லா வேலை பார்த்தோம்," என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

மருமகன் பெட்டியைப் பார்த்தான். துணி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"டாக்டர்," என்றான். "விளிம்புக்கும் துணி சுத்தினா போதும். அந்த ஓட்டைக்கு ஒரு வலை. இன்னும் ஒரு வாரம் குடுங்க."

"செய்ப்பா. உன்னை யார் வேணாம்னா?"

"என்னால தனியா முடியாது."

படிக்கட்டு வாசலில் மாமனாரின் கால் நின்றது.

"எனக்கு எதைப் பார்த்தாலும் இழுத்துக் கட்டத்தான் தோணும்," என்றான் மருமகன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். "நேத்து ஆணியே அடிச்சுட்டேன். அவுத்துவிட மாமா வேணும். மாமா இங்க இருக்கணும்."

டாக்டர் உண்டிவில்லின் ரப்பரை அக்கறையாக ஆராய்ந்தார். மாமனார் திரும்பிப் பார்க்காமலே கீழே இறங்கிப் போய்விட்டார்.

சொன்னது தப்போ என்று மருமகன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே படியில் காலடி கேட்டது. மாமனார் மேலே வந்தார். கையில் பழுப்புப் பை.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

மாமனார் பையைத் தரையில் வைத்தார், ஜிப்பைத் திறந்தார். மேலாக இருந்த கெட்டித் துண்டை எடுத்து உதறினார். பெட்டியின் விளிம்பில் அதைச் சுற்றத் தொடங்கினார், தளர்வாக. "நூல் குடுங்க மாப்ளே. நீங்க கட்ட வேணாம், குடுத்தா போதும்." ஒரு பக்கத்துக்கு அது போதவில்லை. பையிலிருந்து ஒரு கம்பளிச் சட்டை வந்தது. அடுத்த பக்கத்துக்கு ஒரு போர்வை. அதன்பின் இரண்டு பனியன். பை மெல்ல மெல்ல வயிறு ஒட்டிப்போனது.

"அந்தக் கோடு போட்ட சட்டை நல்லா இருக்கே," என்றார் டாக்டர். "அதையுமா?"

"கைமுட்டி கிழிஞ்சது டாக்டர். இங்க மரியாதையா இருக்கும்."

அப்போது மாமனாரின் போன் அடித்தது. கை இரண்டிலும் துணி. மருமகன் எடுத்து அவர் காதில் வைத்தான். மகனின் குரல் வெளியே வரை கேட்டது: என்னப்பா, வேலை முடிஞ்சுதா, எப்ப கிளம்பறீங்க?

"எங்கடா கிளம்பறது?" என்றார் மாமனார். "துணி எல்லாம் மாடியில மாட்டியிருக்கு."

பேசிக்கொண்டே அந்தச் சட்டையையும் விளிம்பில் சுற்றிவிட்டு, மருமகனோடு டாக்டருக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் பேசி முடிக்கும்வரை டாக்டருக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் தனக்குப் பின்னால் இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, கோடு போட்ட சட்டையைக் குறிவைத்து விட்டார்.

தொப்.